மருந்துச் சீட்டில் தோட்ட வேலை

1

காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லி இன்றோடு பத்தொன்பது நாளாகிறது. ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி, எதிரே ஒரு முக்காலி, அதன்மேல் தலையணை, தலையணைமேல் என் வலது கால். முழங்கால் வரை ஏறும் ஒரு பெரிய பிளாஸ்டிக் சப்பாத்துக்குள் அதை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கழிவறைக்குப் போகலாம், சாப்பாட்டு மேசைக்கு வரலாம். அதற்குமேல் அனுமதி இல்லை.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய தண்டனை என்று புரியும். இலங்கை மலையகத்தில் எங்கள் ஊரான நோர்வூட்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட நான் ஓரிடத்தில் நின்றதில்லை. அடுத்த தரிப்பிடம் வரை நடந்துபோய் அங்கே ஏறுவேன். இங்கிலாந்துக்கு வந்து இருபத்தாறு வருடமாகிறது, அந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை. என் மனைவி கமலா யாழ்ப்பாணத்துக்காரி. "உங்களுக்கு ஒரு இடத்தில இருக்கேலாதே?" என்று நாளுக்கு நான்கு தரமாவது கேட்பாள். இப்போது கேட்பதில்லை. நான் இருக்கிறேன், அவளும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், ரயில் பாதையை ஒட்டி, நகரசபை வாடகைக்கு விட்ட துண்டு நிலம் ஒன்று என் பெயரில் இருக்கிறது. அங்கே இந்நேரம் போஞ்சிக் காய் முற்றிக்கொண்டிருக்கும். புல் எந்த உயரத்துக்கு வளர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டபடிதான் காலையில் கண் விழிக்கிறேன். எழுந்து போக முடியாததால் இதை எழுதுகிறேன்.

2

நான் வேலை பார்த்த பண்டகசாலையை மூடிவிட்டார்கள். இருபது வருடம் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டி ஓட்டியவன், ஐம்பத்தேழு வயதில் வீட்டுக்கு வந்தேன். முதல் மாதம் வீட்டுக்கு வர்ணம் பூசினேன். இரண்டாவது மாதம் பூசிய சுவரிலேயே திரும்பவும் பூசினேன். மூன்றாவது மாதம் உறக்கம் போனது. ஏற்கெனவே இருந்த நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், ஏறியது, கூடவே இரத்த அழுத்தமும் வந்து சேர்ந்தது.

மருத்துவர் இளம் பெண். என் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். இன்னொரு குளிசை எழுதப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது எனக்குச் சரியாக விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த கமலா மொழிபெயர்த்தாள்.

"தோட்ட வேலை செய்யட்டாம்."

நான் சிரித்துவிட்டேன். மருத்துவருக்குக் காரணம் தெரியவில்லை, கமலாவுக்கும் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் வெங்காயமும் மிளகாயும். எங்கள் பக்கத்தில் தோட்டம் என்றால் தேயிலை. தோட்ட வேலை என்றால் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்து, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, மழையோ பனியோ மலையேறுவது. என் அம்மா கொழுந்து பறித்தார். ஐம்பது வயதுக்குமேல் அவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. அப்பா கவ்வாத்து வெட்டினார். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு நறுக்கும் வேலை அது. தோள்பட்டை வலிக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த சிவப்பு எண்ணெயின் வாடைதான் எனக்கு அவருடைய வாடை. பதினாறு வயதில் நானும் ஆறு மாதம் முள்ளுக் குத்தினேன், தேயிலைக்கு இடையில் மண்ணைக் கிளறிவிடும் வேலை. ஒருநாள் அந்தக் கிளறும் முள்ளை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவின் முன்னால் போட்டுவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறினேன். இனி மண்ணைத் தொடுவதில்லை என்று அன்றைக்குச் சபதம் எடுத்தேன்.

அந்த மண்ணைத் தொடச் சொல்லித்தான் நாற்பது வருடம் கழித்து, ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஒரு மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார்.

நிலத்துக்கு விண்ணப்பிக்க ஐந்து பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி, பயிர்ச்செய்கையில் முன் அனுபவம் உண்டா? எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறை மண்ணில் நின்றிருக்கிறது. பேனாவைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் இருந்துவிட்டு, 'இல்லை' என்ற கட்டத்தில் அடையாளம் இட்டேன்.

3

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த வைத்தியம் பலித்தது.

முதல் மாதத்திலேயே உறக்கம் திரும்பியது. உருளைக்கிழங்குப் பாத்தியும் கோவா என்கிற முட்டைக்கோஸ் பாத்தியும் போட்டு முடித்தபோது இடுப்புப் பட்டியில் இன்னொரு துளை போட வேண்டியிருந்தது. அடுத்த பரிசோதனையில் மருத்துவர் ஒரு குளிசையை நிறுத்தினார். உடம்பைவிட மனதில் நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். மாலையில் மண்வெட்டியைக் கழுவும்போது, அன்றைய பொழுது வீணாகவில்லை என்று தோன்றும். வேலை போனதிலிருந்து எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

பக்கத்து நிலம் மார்கரெட்டுடையது. எழுபதைத் தாண்டிய, தனியாக வாழும் ஆங்கிலப் பெண். வந்ததும் முதல் வேலையாகத் தோளையும் இடுப்பையும் அசைத்துச் சின்னதாக உடற்பயிற்சி செய்வார். பிறகு தொப்பி, கையுறை, தடித்த சப்பாத்து. களை பிடுங்க முழங்காலுக்கு அடியில் ஒரு மெத்தை. அரை மணி நேரம் கொத்தினால் அடுத்த அரை மணி நேரம் விதை பிரிப்பார், ஒரே வேலையை நீட்ட மாட்டார். நடுநடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பிளாஸ்கில் இருந்து தேநீர் ஊற்றிக் குடிப்பார். இது என்ன வேலை, பொம்மை வீட்டு விளையாட்டு என்று எனக்குள் நினைத்துக்கொள்வேன்.

நான் வேலை செய்த விதம் வேறு. யாரோ பின்னால் நின்று கணக்குப் பார்க்கப் போவது போல் கொத்துவேன். தண்ணீர் குடிக்க நிற்க மாட்டேன். முதுகை வளைத்துத் தூக்குவேன், தூக்கிய பிறகுதான் வலி தெரியும். கோடை வந்ததும் செருப்பையும் கழற்றி எறிந்தேன். ஈரமண் விரல் இடுக்கில் ஏறும்போது உடம்பு முழுவதும் இளகும். அதில் பாதி நினைப்புத்தான் என்பது பிறகே தெரிந்தது. சீனி ஏறிய வருடங்களில் என் பாதம் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போயிருக்கிறது. மண்ணை உணர்ந்ததாக நினைத்தேன், உணரவே இல்லை.

இதையெல்லாம் என் அக்கா லெட்சுமியிடம் போனில் சொல்வேன். அக்காவுக்கு அறுபத்துமூன்று வயது. நோர்வூட்டுக்கு மேலே நாங்கள் பிறந்த அதே லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருக்கிறார். அத்தான் உயிரோடு இல்லை, மகன் கொழும்பில். தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் லயத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கானோரத்தில், இரண்டு பாய் அகல நிலத்தில் மரக்கறி போட்டிருக்கிறார். லீக்ஸ், கரட், போஞ்சி. எனக்குச் சீனி வந்த அடுத்த வருடம் அக்காவுக்கும் வந்தது.

"ஏக்கா, முப்பத்தஞ்சு வருசம் மலையில நின்னீங்களே, இன்னுமா மண்ணு அலுக்கல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது வேற, இது வேறடா தம்பி. அங்க இடுப்பு வலிச்சா யாரக் கேட்டு ஒக்காருறது? இங்க வலிச்சா ஒக்காந்துக்குவேன். போஞ்சி என்னா, என்னைய வெரட்டவா போகுது?"

மார்கரெட்டின் நாற்காலி அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஆனாலும் நான் உட்காரவில்லை.

4

ஒரு சனிக்கிழமை குளித்துவிட்டு வந்தபோது கமலா தரைவிரிப்பைக் காட்டினாள். வெள்ளை விரிப்பில் இரத்தம், என் காலடி அளவுக்கு இடைவெளி விட்டு மூன்று இடத்தில். பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் பெருவிரலுக்குக் கீழே ஒரு துளை. தோட்டத்தில் கிடந்த பழைய பலகையின் ஆணியாக இருக்க வேண்டும். எப்போது ஏறியது என்று தெரியவில்லை. ஒரு நாளா, இரண்டு நாளா, அதுவும் தெரியவில்லை. வலியே இல்லை.

"செருப்பைப் போடுங்கோ எண்டு எத்தனை தரம் சொன்னனான்!" கமலா பஞ்சு தேடி ஓடினாள்.

திங்கட்கிழமை மருத்துவ நிலையத்துக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்தவர் என்ன பிரச்சினை என்று கேட்டார். 'லெக்'கில் ஒரு புண் என்றேன். வலிக்கிறதா? இல்லை. நடக்க முடிகிறதா? முடிகிறது. இரண்டு வாரம் கழித்து ஒரு நேரம் கொடுத்தார். நன்றி சொல்லி வைத்தேன். அன்று மாலையே தோட்டத்துக்கும் போனேன்.

எங்கள் மகள் அபி மூன்று மணி நேர ரயில் பயணத் தூரத்தில் வேறொரு நகரத்தில் இருக்கிறாள். ஞாயிறு தோறும் பேசுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், பத்து நிமிடத்தில் இருவருக்கும் சொல் தீர்ந்துவிடும். அந்த ஞாயிறு கமலா போனை வாங்கி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அபி புண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். படம் போய் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கூப்பிட்டாள். அவசரத்தில் அம்மாவின் தமிழ் வந்துவிட்டது.

"அப்பா, என்னெண்டு சொல்லி புக் பண்ணினீங்கள்?"

"லெக்ல புண்ணுன்னு."

"இது லெக் இல்லை அப்பா! ஃபுட்! உங்களுக்குச் சுகர் இருக்கு. ஃபுட் எண்டு சொன்னா அண்டைக்கே பாப்பினம்!"

நமக்கு இடுப்பிலிருந்து விரல் நுனி வரை கால்தான். இருபத்தாறு வருடமாக அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே இங்கே காலம் தள்ளியிருக்கிறேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு அபியே போன் செய்து சரியான சொல்லைச் சொன்னாள். பத்தரை மணிக்குப் பாத சிகிச்சைப் பிரிவில் கட்டிலில் படுத்திருந்தேன். தாதி புண்ணைத் துருவித் துப்புரவாக்கினார். ஏற்பு வராமலிருக்க டெட்டனஸ் ஊசி போட்டார். மெல்லிய நைலோன் நூலால் பாதத்தில் பத்து இடம் தொட்டுத் தொட்டு, உணர்கிறதா என்று கேட்டார். ஏழு இடத்தில் நான் பதில் சொல்லவில்லை. அவர் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் எலும்பு வரை போயிருக்கும் என்றார்.

5

அந்தப் பிரிவிலும் ஒரு படிவம். குடும்பத்தில் வேறு யாருக்குச் சீனி இருக்கிறது என்ற கேள்விக்கு அக்காவின் பெயரைச் சொன்னேன். அன்றிரவு ரயிலில் வந்துவிட்ட அபி, மறுநாள் காலை படிவத்தின் பிரதியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அத்தைக்கும் சுகர்தானே? அவவின்ட ஃபுட்டை ஆர் பாக்கிறது?"

அபி அத்தையைப் பார்த்தது இரண்டே தரம். அத்தை பேசினால் பாதி அவளுக்கு விளங்காது. ஆனாலும் அது அவளுக்குத்தான் தோன்றியது, எனக்குத் தோன்றவில்லை. உடனே வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே மதியம் தாண்டியிருந்தது.

"அக்கா, ஒங்க பாதத்தக் கொஞ்சம் காட்டுங்க."

"பைத்தியமாடா புடிச்சிருக்கு ஒனக்கு? கால எதுக்குக் காட்டச் சொல்ற?"

"ஏதும் புண்ணு இருக்கான்னு பாக்கணும்."

"ஒன்னும் இல்ல. அடுப்புல சோறு வச்சிருக்கேன், அப்பறம் பேசுறேன்."

மறுநாள் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நாற்காலியில் கட்டிப்போட்டது போல் உட்கார்ந்திருப்பவனுக்கு எடுக்கப்படாத போன் என்ன செய்யும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்காவின் மகனைக் கூப்பிட்டேன். அம்மா நன்றாகத்தான் இருக்கிறார், காலையில்கூடப் பேசினேன் என்றான். பிறகுதான் ரபீக்கின் ஞாபகம் வந்தது. என்னோடு பள்ளியில் படித்தவன். நோர்வூட்டில் அவனுடைய வாப்பாவின் கடையை இப்போது அவன்தான் நடத்துகிறான். அக்காவின் மரக்கறி அவன் கடைக்குத்தான் போகும்.

"லெட்சுமி அக்காவா? முந்தாநாள் போஞ்சி கொண்டாந்துச்சே" என்றான் ரபீக். "எடது கால்ல துணி சுத்தியிருந்துச்சு. என்னான்னு கேட்டேன், அட்ட கடிச்சிருச்சுன்னுச்சு."

"அட்ட கடிச்சதுக்கு யாராச்சும் துணி சுத்துவாங்களாடா?"

"கடைய அடைச்சிட்டுப் போய்ப் பாக்குறேன் மச்சான்" என்றான்.

ஒரு மணி நேரத்தில் வீடியோவில் வந்தான். லயத்து வாசல். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் காய்ச்சலில் வாடியிருந்தது. என்னைப் பார்த்ததும் கோபப்பட்டார்.

"ஊருக்கெல்லாம் ஏன்டா சொல்ற? முள்ளு பட்டுச்சு, மஞ்சளப் பத்துப் போட்டேன், ஆறிரும்."

"துணிய அவுருங்கக்கா."

"லீக்ஸுக்குத் தண்ணி ஊத்தல இன்னும்."

"அக்கா!"

நான் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து கமலா ஓடி வந்தாள். அக்கா படியில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தார். சின்ன விரல் கறுத்திருந்தது. ரபீக் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"மச்சான், நீ பாக்குறத விட மோசம். வாடையே அடிக்குது. நான் வேன எடுத்தாறேன்."

அக்கா வர மாட்டேன் என்றார். நாளைக்கு என்றார், மகன் வரட்டும் என்றார். நான் பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும், என் காலிலிருந்த பிளாஸ்டிக் சப்பாத்தைக் கழற்றினேன். மூத்தவருக்கு நேரே உள்ளங்காலை நீட்டுவது எங்கள் வீட்டில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். நீட்டினேன். கட்டுத்துணியை அவிழ்த்துப் புண்ணின் குழியைக் காட்டினேன்.

"எனக்கும் வலிக்கலக்கா. வலிக்காததுதான் வியாதி. இன்னைக்குப் போகலேன்னா ஒங்க கால முழுசா எடுத்துருவாங்க."

அக்கா வெகுநேரம் என் பாதத்தையே பார்த்தார். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். பிறகு ரபீக்கின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

ஆஸ்பத்திரியில் ரபீக் சிங்களத்தில் 'ககுல' என்றுதான் சொன்னானாம். சிங்களத்திலும் அந்த ஒரு சொல்தான் இரண்டுக்கும். அங்கே அது தடையாக இல்லை. தாதி துணியை விலக்கிப் பார்த்தார், பார்த்ததும் உள்ளே அனுப்பினார். மறுநாள் சின்ன விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. இதை எழுதும் இன்று அக்கா இன்னும் வார்டில் இருக்கிறார். நேற்றுப் பேசியபோது, லயத்தில் யாரும் லீக்ஸுக்கு ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றுவதில்லை என்று குறைப்பட்டார். நான் போஞ்சியைப் பற்றிக் குறைப்பட்டேன்.

6

மேலே உள்ளதை எழுதி மூன்று மாதமாகிவிட்டது. எழுந்து நடக்கத் தொடங்கியதும் காகிதத்தை மறந்துவிட்டேன்.

நான் படுத்திருந்த காலத்தில் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. நிலம் பராமரிப்பின்றிக் கிடக்கிறது, குறித்த நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் திருப்பி எடுக்கப்படும் என்று. அபி பதில் எழுதினாள். அதோடு இரண்டு வார இறுதிகள் வந்து, கமலாவையும் கூட்டிக்கொண்டு போய் மார்கரெட்டின் மேற்பார்வையில் களை பிடுங்கினாள். நான் பார்த்துப் பார்த்து வளர்த்த மணத்தக்காளி முழுவதையும் களை என்று நினைத்துப் பிடுங்கி எறிந்துவிட்டாள். படம் அனுப்பிப் பெருமையாகக் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

என் புண் ஆறிவிட்டது. தடித்த சப்பாத்து வாங்கியிருக்கிறேன். காலை நுழைக்குமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கிறேன், கல்லோ முள்ளோ கிடந்தால் பாதம் சொல்லாது, கைதான் சொல்ல வேண்டும். கையுறை போடுகிறேன். தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோகிறேன். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை உட்காரவும் பழகியிருக்கிறேன். உட்கார்ந்தால் இரண்டாவது நிமிடமே முழங்கால் தானாக ஆடத் தொடங்கும். மார்கரெட் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

அக்கா வீடு திரும்பி ரபீக் கொடுத்த றப்பர் பூட்ஸோடு மரக்கறிப் பாத்தியில் இறங்கிவிட்டார். தினமும் எனக்குக் காலை எட்டு மணி, அக்காவுக்கு மதியம். இருவரும் வீடியோவில் வருவோம். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் பாதத்தைக் காட்டுவோம். குதிகால், உள்ளங்கால், விரல் இடுக்கு. எங்கள் இருவருக்கும் இப்போது அதில் வெட்கமில்லை.

நேற்றுக் காலை, முந்தின இரவு பெய்த மழையின் வாசனை தெரு முழுவதும் இருந்தது. விடிந்ததுமே நிலத்துக்குப் போய்விட்டேன். யாருமில்லை. மண் கறுத்து, ஊறி, புட்டுப் போல உதிர்ந்து கிடந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். பத்து நிமிடம்தான். எதையும் உணரவில்லை என்று தெரிந்தும் நடந்தேன். பிறகு துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எட்டு மணிக்கு அக்கா திரையில் வந்தார்.

"வெரல விரிச்சுக் காட்டு" என்றார். காட்டினேன்.

"அது என்னா கறுப்பா, நடுவெரல் பக்கத்துல?"

"சப்பாத்துச் சாயமா இருக்கும்க்கா."

முப்பத்தைந்து வருடம் மண்ணில் நின்றவருக்கு மண் எது, சாயம் எது என்று தெரியாதா? போனைப் படியில் சாய்த்து வைத்தார். பூட்ஸைக் கழற்றினார். இடது பாதத்தைத் தூக்கிக் கேமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். திரை முழுவதும் அதுவே நிறைந்தது. நான்கு விரல், ஐந்தாவது இருந்த இடத்தில் இளஞ்சிவப்பில் புதுத் தோல். எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"வந்துர்றேன்க்கா" என்று சொல்லி எழுந்தேன். குளியலறையில் சுடுநீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவினேன். ஈரம் போகத் துடைத்தேன். திரும்பி வந்தபோது அக்காவின் பாதம் திரையில் அப்படியே இருந்தது.

"இப்பக் காட்டு" என்றது குரல்.